அவர்கள் வீட்டில் சமைக்காத கோழி

சாய்ந்தமருதில் கலியாணச் சமையலுக்கு என்னைத் தேடி வந்தவர்கள், இப்போது என்னைத் தெருவில் கண்டால் சுகம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பௌஸியாவின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கலியாண வீடே வயிற்றோட்டத்தில் கிடந்தது, அவளும் அதிலேயே உயிர் போய் மௌத்தாகப் பார்த்தாள் என்பதுதான் என்னைப் பற்றி ஊருக்குத் தெரிந்த கதை. அந்தக் கதையை ஊருக்குச் சொன்னவர் என் தங்கையின் கணவர் நஸீர். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் இருந்தும் கொஞ்ச நேரம் படுத்தும் எழுதுகிறேன். நோயில் கிடந்து எழும்பியவர்கள் எழுதும்போது எல்லோருக்கும் நன்றி சொல்லி, எல்லோரையும் மன்னித்து முடிப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நானும் சொல்வேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவும் வாப்பாவும் ஒரே வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து எனக்கொரு வீடும் தங்கை நஸ்மியாவுக்கொரு வீடும் கட்டித் தந்தார்கள். நடுவில் இடுப்பளவு மதில். நஸ்மியாவைக் கலியாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்தவர் நஸீர். வயல்பக்கம் கோழிப்பண்ணையும், கல்முனையில் இறைச்சிக் கடையும் அவருக்கு இருந்தன. எனக்குச் சமையல் வேலை வந்தால் கோழி அவரிடமிருந்துதான் வரும். சொந்தத்துக்குள் வேறு யாரிடம் போவது? துப்புரவாக வெட்டி, ஐஸ் போட்டு, விடியற்காலையிலேயே வீட்டு வாசல் கடப்படியில் இறக்கிவிடுவார்.

அந்தக் கலியாணத்துக்கும் அப்படித்தான் வந்தது. நெய்ச்சோறு, கோழிப் பொரியல், கத்தரிக்காய் மோஜு, அன்னாசியும் வெங்காயமும் போட்ட சம்பல். அடுத்த நாள் சாப்பிட்டவர்களில் பலருக்கு வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல். அவர்கள் கொத்தமல்லி அவித்துக் குடித்து, சிலர் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு தேறிவிட்டார்கள். எனக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. நான் தேறவில்லை.

வயிற்றோட்டம் நின்ற பிறகும் காய்ச்சல் நிற்கவில்லை. அது சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கவில்லை. பகல் முழுக்க உடம்பு கொதிக்கும், பிறகு குளிர் பிடித்துக் கட்டில் ஆடும் அளவுக்கு உதறும். என் கணவர் ஜௌபர் அப்போது சவளக்கடை வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டுவித்துக்கொண்டிருந்தார். வெட்டும் மெஷினை வயலில் விட்டுவிட்டு, சேறு காயாத காலோடு வந்து நின்றார். வீட்டில் இருந்த போர்வையெல்லாம் போட்டும் என் உதறல் அடங்கவில்லை. அவர் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். என் மகள் ஸஹ்னா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக இருந்த நேரம் அது. அந்த முடிவு வந்த நாளிலும் அவள் என் கட்டிலடியில்தான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எல்லோருக்கும் கொடுக்கிற அன்டிபயோட்டிக் ஊசியைத்தான் எனக்கும் கொடுத்தார்கள். அன்டிபயோட்டிக் என்றால் கிருமியைக் கொல்லும் மருந்து. காலையும் மாலையும் ஏற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். கையில் நரம்பு அகப்படாமல் புறங்கையிலும் காலிலும் தேடினார்கள். ஒரு போத்தலில் என் இரத்தத்தை ஊற்றி, அதிலே ஏதும் கிருமி வளர்கிறதா என்று சூடான பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்களாம். அது வளர்ந்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரிய நாளெடுக்கும். அந்த நாட்களில் நோயாளி காத்திருக்க வேண்டும். கிருமி காத்திருக்காது.

பக்கத்துக் கட்டிலில் வினாயகபுரத்துப் புஷ்பம் இருந்தார். டெங்குக் காய்ச்சலோடு வந்தவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். என்னைக் குளிர் பிடித்து உதறும்போது, தன் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, மற்றக் கையை நீட்டி என் காலை அமத்திப் பிடிப்பார். ஸஹ்னா சோறு வாங்கப் போனால் எனக்குத் தண்ணீர் பருக்கிவிடுவதும் அவர்தான். முன்பின் தெரியாத ஒரு மனிசி. அவருக்கு என் முதல் நன்றி.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று பொறுப்பு டொக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர்மார் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று அந்த வாட்டில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். என் இரத்தத்தில் சல்மொனெல்லா என்கிற கிருமி ஓடுகிறது என்றார். கோழியின் குடலிலே வாழ்கிற கிருமி. வயிற்றோடு நின்றால் பெரும்பாலும் தானாக மாறிவிடும். எனக்குச் சீனி வருத்தம் இருந்ததால் அது இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது. அதைவிட மோசமான விஷயம், வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்றுக்கும் அது சாகவில்லை.

ஏன் சாகவில்லை என்று ஸஹ்னா கேட்டாள். சில பண்ணைகளில் குஞ்சு சாகாமல் இருக்கவும் சுறுக்காகக் கொழுக்கவும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடிக்கிற தண்ணீரில் மனிதருக்குக் கொடுக்கிற மருந்தையே கலந்துவிடுவார்கள் என்று டொக்டர் விளக்கினார். பலவீனமான கிருமிகள் செத்துப்போகும். மருந்தைத் தாங்கப் பழகிய கிருமி மட்டும் பெருகும். இறைச்சியோடு அது நம் சமையல் குசினிக்கு வரும். பிறகு நமக்கு அந்த மருந்தை ஏற்றினால் அதற்குத் தண்ணீர் ஏற்றின மாதிரித்தான். இனிமேல் இருப்பது கடைசியாகத் தொடுகிற ஒரு மருந்து, அதுவும் கேட்காவிட்டால் கையில் வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

ஜௌபர் பார்வையாளர் நேரத்தில் வந்தபோது ஸஹ்னா இதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் தலைமாட்டில் கிடந்த சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்துக் கிடந்த என் முடியை வாரத் தொடங்கினார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் என் முடியில் சீப்பு வைத்ததில்லை. நஸீரின் பெயரை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி மருந்து ஆஸ்பத்திரியில் போதிய அளவு இருக்கவில்லை. வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். என் கையில் கிடந்த காப்புகள் அதற்குப் போயின. ஜௌபர் ஐஸ் பெட்டிக்குள் மருந்தை வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவார். வாட்டுக்கு வெளியே வாகை மரத்தடியிலேயே அவருடைய தொழுகையும் சாப்பாடும். யன்னலால் பார்த்தால் தெரிவார்.

நஸீரும் வந்தார். அப்பிளும் முந்திரிகையும் கொண்டுவந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, எனக்குச் சுகம் கிடைக்க ஷிபாவுக்கு துஆக் கேட்டார். வெளியே போய், என்னைப் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்களிடம், என் குசினியில் துப்புரவு இல்லை, கோழி வெட்டுகிற கத்தியாலேயே வெங்காயமும் வெட்டுவேன், அதுதான் இந்த வினை என்று சொன்னார். ஸஹ்னா கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள்.

நான் டொக்டரிடமே கேட்டேன், அப்படியும் வருமா என்று. அவர் மறைக்கவில்லை. நன்றாக வெந்த இறைச்சியில் கிருமி இருக்காது, பச்சை இறைச்சி பட்ட பலகையிலோ கையிலோ இருந்து சம்பலுக்குப் போயிருக்கலாம் என்றார். சரி. அவ்வளவு பெரிய சமையலில் எங்கோ ஒரு துளி தெறித்திருக்கும். அதற்குரியது இரண்டு நாள் வயிற்றுவலி. அதை என் தலையில் போட்டால் நான் சுமப்பேன். எந்த மருந்துக்கும் சாகாத கிருமியை என் பலகை வளர்க்கவில்லை. அது நஸீரின் பண்ணைத் தண்ணீரில் வளர்ந்தது.

ஆனாலும் அந்த நேரம் வரைக்கும் எனக்கு அவர்மேல் இருந்தது கோபம் மட்டும்தான். தெரியாமல் செய்திருப்பார், மருந்து விற்கிறவன் சொன்னதைக் கேட்டிருப்பார் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூலையையும் என் தங்கைதான் துடைத்துவிட்டாள்.

நஸ்மியா ஒரு மத்தியானம் சூப்பு கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் மிளகும் இஞ்சியும் மணந்தன. கோழி என்று தெரிந்ததும் நான் முகத்தைத் திருப்பினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன்பக்கம் திருப்பினாள்.

“பயப்படாம குடிங்க ராத்தா. இது கடைக்கோழி இல்ல. எங்கட வளவுல நிண்ட ஊர்க்கோழி.”

“கடைக்கோழி முடிஞ்சிட்டா?” என்று கேட்டேன். ஒன்றையும் நினைத்துக் கேட்கவில்லை.

“நாங்க எப்ப ராத்தா கடைக்கோழி திண்ட? அவர் ஊட்ட கொண்டரமாட்டார். புள்ளையளுக்குக் குடுக்காத, அது மருந்துக் கோழி எண்டு சொல்லுவார்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு, தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. கரண்டி கையிலேயே நின்றது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமாக மதிலுக்கு அந்தப்பக்கம் எந்தச் சட்டியில் என்ன வேகிறது என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டில் ஊர்க்கோழி. என் அண்டாவுக்கு மருந்துக் கோழி. கலியாண வீட்டுக்கு மருந்துக் கோழி. தெரிந்தே.

அவள் அழுதாள். நான் அழவில்லை. சூப்பைத் தரச் சொன்னேன். கடைசி மிடறு வரைக்கும் குடித்தேன். எனக்குப் பலம் வேண்டியிருந்தது. சாகக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். பிள்ளைக்காகவோ கணவருக்காகவோ என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. நஸீருக்காக.

அவள் போன பிறகு புஷ்பம் தன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. “எங்களுக்கெண்டா கண்ணகியம்மன்ட வாசல்ல நிண்டு மண்ணள்ளிப் போட்டிருப்பம்” என்றார். எறிவதற்கு அவருக்கு ஒரு பிடி மண்ணாவது இருந்தது. எனக்கு அது பொறாமையாக இருந்தது.

புதிய மருந்து மெல்ல வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. புஷ்பம் சுகமாகி, என் நெற்றியில் கை வைத்துவிட்டு ஊருக்குப் போனார். நானும் போகலாம் என்று நினைத்த நேரத்தில் இடுப்பில் ஒரு வலி தொடங்கியது. படுத்தே கிடந்த வலி என்றார்கள். பிறகு புரளவும் முடியாமல் போனது. ஒரு காலில் விறைப்பு ஏறியது. ஆம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய், குழாய் மாதிரியான ஒரு மெஷினுக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். கிருமி இரத்தத்தோடு போய் என் முள்ளந்தண்டில் இரண்டு எலும்புக்கு நடுவே குடியிருந்தது. எலும்பை அரித்திருந்தது. எலும்புக்குள் மருந்து போய்ச் சேர நாளாகும் என்பதால் வாரக்கணக்கில் ஊசி. எழும்பக்கூடாது, குனியக்கூடாது. மலசலமும் கட்டிலில்தான். ஸஹ்னா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் நஸீர் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வந்து நின்றார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, என்ன சாப்பிட்டேன், எங்கே வாங்கியது என்று கேட்டுப் போனார். அவர் பண்ணைக்குப் போனபோது கூடுகள் வெறுமையாகக் கிடந்தனவாம். கழுவிச் சுண்ணாம்பும் அடித்திருந்ததாம். பழைய கோழியெல்லாம் விற்று முடிந்திருந்தது. புதுக் குஞ்சு இறக்கிப் பழையபடி கடை நடந்தது. கிருமி என் உடம்பில் இருக்கிறது, அது வந்த கோழி உலகத்தில் இல்லை. இனி யாரை என்ன செய்வது என்று ஜௌபர் என்னைக் கேட்டார். நான் செய்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன், நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு ஒருநாள் எங்கள் குடி மரைக்கார் மீராலெவ்வை வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசலில் எங்கள் குடும்பத்துக்காகக் கதைக்கிற பெரிய மனிசன். ஒரே வளவில் இரண்டு குடும்பம் முகம் பாராமல் இருப்பது அழகில்லை, ஒரு சாப்பாட்டோடு சமாதானமாகுங்கள் என்றார். நஸீரும் சம்மதமாம். ஜௌபர் என்னைப் பார்த்தார். நானும் சம்மதம் என்றேன், என் வீட்டிலேயே வைப்போம், நானே சமைக்கிறேன். ஒரேயொரு விஷயம், கோழி மச்சானின் பண்ணைக் கோழியாக இருக்க வேண்டும்.

மரைக்காருக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. நஸீருக்கு மறுக்க வழியில்லை. தன் கோழியில் குற்றமில்லை என்று அதுவரை ஊரெல்லாம் சொன்னவர் அவர்தானே.

கதிரையில் உட்கார்ந்தபடி நான் சொல்லச் சொல்ல ஸஹ்னா செய்தாள். இறைச்சிக்கு வேறு பலகை, வேறு கத்தி. கை கழுவினாள், திரும்பவும் கழுவினாள். எலும்பிலிருந்து சதை கழன்று வரும் வரைக்கும் வேகவைத்தேன். அந்தச் சட்டியில் ஒரு கிருமியும் உயிரோடு இல்லை. யாருக்கும் தீங்கு செய்ய நான் சமைக்கவில்லை. வேறு கறியும் சமைக்கவில்லை. மாட்டிறைச்சி இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். இருக்கவில்லை.

ஆண்கள் ஹோலில் பாய் விரித்து சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரிய தட்டில் நாலைந்து பேர் ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சஹன். மரைக்காரும் நஸீரும் ஜௌபரும் இன்னும் இரண்டு பெரியவர்களும். நஸ்மியாவும் மற்றப் பெண்களும் உள்ளறையில். இடுப்பு இப்படி இருப்பதால் எனக்கு மட்டும் நடைவாசலில் கதிரை.

“மச்சான் பிஸ்மி சொல்லித் தொடங்கட்டும்” என்றேன்.

நஸீர் பிஸ்மி சொன்னார். கை சோற்றுக்குப் போனது. வெறுஞ்சோற்றை ஓரத்திலே பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். இறைச்சிப் பக்கம் கை போகவில்லை. மரைக்கார் மரியாதைக்காக ஒரு தொடைத் துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்தார். நஸீர் அதை விரலால் ஒதுக்கினார். வயிறு கொஞ்சம் சரியில்லை என்றார்.

நான் கேட்டேன்: “உங்கட கோழிதானே மச்சான். ஏன் தின்ன ஏலாம இரிக்கி?”

மரைக்காரின் கை சஹனிலிருந்து மெல்ல எழும்பியது. மற்றவர்களுடைய கைகளும் எழும்பின. நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது என்று மற்ற எல்லோரையும்விட நஸீருக்குத் தெரியும். தெரிந்தும் அவருடைய கையால் முடியவில்லை. தண்ணீரில் என்ன கலந்தார் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் நான் நினைத்தபடியே நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் நினைக்கவில்லை.

உள்ளறைச் சீலையை விலக்கிக்கொண்டு நஸ்மியா வந்தாள். ஆண்கள் இருந்த பாயில் வந்து குந்தி, புருஷன் ஒதுக்கிய துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். எலும்பை சஹனில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“போதுமா ராத்தா?”

அவள் என் பதிலுக்கு நிற்கவில்லை. நஸீரின் பக்கம் திரும்பினாள். அவர் தலை குனிந்திருந்தார்.

“நான் வாயில வைக்கக்குள்ள, வேணாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

அவள் எழும்பித் தன் வீட்டுக்குப் போனாள். அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னர் நஸீரின் உடுப்புப் பை கடப்படிக்கு வெளியே கிடந்தது. அது அவளுடைய வீடு. எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தால் போகிறது புருஷன்தான். அவர் தன் தாயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாப்பாட்டில் இருந்தவர்கள் வாயைத் திறக்க, கல்முனைக் கடைக்கு ஆள் போவது நின்றது. என் குசினியில் துப்புரவில்லை என்ற கதை மட்டும் மாறவில்லை. மிச்சக் கோழியை யாரோ வெளியூர் வியாபாரி ஏற்றிப் போனானாம். அது எந்த ஊர்க் குசினிக்குப் போனதோ. அதை நினைத்தால் மட்டும் எனக்கு நித்திரை வராது. மற்றபடி, கடை பூட்டிய செய்தி கேட்ட அன்று நான் நன்றாக நித்திரை கொண்டேன். அதற்காக வெட்கப்படவில்லை.

நஸ்மியா என்னோடு கதைப்பதில்லை. நான் எறிந்தது அவள்மேலும் பட்டது. ஸஹ்னாவைக் கூப்பிட்டு என் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாளாம். நான் நடுமுற்றத்தில் நின்றால் உள்ளே போய்விடுவாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரும் நாள் வரும். அது எங்கள் இருவருக்குள்ளே உள்ள கணக்கு.

போன மாதம் நஸீர் வந்தார். மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறாராம். மனிதர் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த அநியாயத்தை, அந்த மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான் என்று எங்களுக்கு நம்பிக்கை. அதனால் பயணம் போகிறவர்கள் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். கடப்படியில் நின்றுகொண்டே கேட்டார்.

“மதினி, என்னால ஏதும் பிழ நடந்திருந்தா மன்னிச்சிக்கங்க.”

“நடந்திருந்தாவா?” என்றேன். “கலியாணத்துல சாப்பிட்ட ஒவ்வொரு ஊட்டுக்கும் போங்க. மருந்துக் கோழி எண்டு தெரிஞ்சுதான் குடுத்த எண்டு உங்கட வாயால சொல்லுங்க. பௌஸியாட கையில பழுதில்ல எண்டும் சொல்லுங்க. மறுகா வாங்க, கதைப்பம்.”

ஜௌபர் உள்ளே இருந்து வந்து என் தோளைத் தொட்டார், விட்டுவிடு என்கிற மாதிரி. நான் விடவில்லை. நஸீர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். விசாரித்துப் பார்த்தேன், ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

இப்போது அவர் மக்காவில் இருக்கிறார். கஃபாவைப் பிடித்துக்கொண்டு அழுவார், அழட்டும். அவர் கேட்கவேண்டிய ஆள் அங்கே இல்லை. நான் இங்கே, சாய்ந்தமருதில் இருக்கிறேன்.